பெயர் தவறாத ஷெஃப்

“மனுஷங்க பேரை மறப்பேன். பொண்டாட்டி பிறந்த நாளை மறப்பேன், மறந்துமிருக்கேன். ஆனா குழுவோட பேரை மட்டும் ஒருநாளும் தப்பாச் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். பேரு மாறின அன்னிக்கே பழசு என் மண்டையை விட்டுப் போயிடும். பனித்தளத்தை வழுவழுப்பாக்குற ஐஸ் வண்டி ஓடின தரை மாதிரி, பளிச்சுன்னு.”

இதைச் சொல்லிக்கொண்டே ஷெஃப் ராய்மாக்கர்ஸ் ஒரு ஹேரிங் மீனின் தோலை ஒரே இழுப்பில் உரித்து, நறுக்கிய வெங்காயத்தை மேலே தூவி, வாலைப் பிடித்து எதிரே நின்ற தபால்காரரிடம் நீட்டினார். நாளைக்கு எதிரணி ஓவர்மேர்க்காரர்கள் ஆட வருகிறார்களே, சமாளிப்பாயா என்று தபால்காரர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். தபால்காரர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மீனை வாய்க்குள் இறக்கினார். வாய் நிறைந்திருந்ததால் அவர் மறுத்துப் பேசவில்லை. ஷெஃப் தன் முக்கியமான கருத்துகளை எல்லாம் வாடிக்கையாளரின் வாயில் மீன் இருக்கும்போதுதான் சொல்வார்.

ஷெஃப் என்பது பெயர் மட்டும்தான், அவர் சமையல்காரர் இல்லை; வாரத்தில் ஆறு நாளும் லீர்டொங்க் மாதா கோயில் சந்தையில் மீன் விற்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் ஹாக்கி நடக்கும் பனி அரங்கத்து அறிவிப்பாளராக இருப்பது அவர் வாழ்க்கை. வயது அறுபத்தொன்று. உயரம் அதிகமில்லை, குரல் அதை ஈடுகட்டும். சந்தையில் அவர் கூவினால் கால்வாயின் மறுகரையில் நாய் எழுந்து உட்காரும். இந்தக் குரலுக்கு மைக் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதைக் கேட்டவர்களுக்கு அவர் வெங்காயம் குறைத்துப் போடுவார்.

ஆட்டத்துக்குக் கிளம்பும்போது அவருடைய கோட்டைப் பார்க்க வேண்டும். கருநீலக் கம்பளிக் கோட்டு. இடது மார்பில் குழுவின் முத்திரைத் துணி. அது தைக்கப்பட்டிருப்பது பழைய முத்திரையின் மேல். பழையது அதற்கும் பழையதின் மேல். இப்படி நான்கு அடுக்கு சேர்ந்து, ஒரு பக்கம் மட்டும் சதை போட்ட ஆள் மாதிரித் தெரிவார். ஒருமுறை தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி வந்த வட்டு நேராக அந்த இடத்தில் பட்டுக் கீழே விழுந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். “வரலாறு காப்பாத்திடுச்சு” என்றார் ஷெஃப்.

வரலாறு என்று அவர் சொன்னதை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். முழுதாக விளக்க யாராலும் முடியாது.

லீர்டொங்கின் ஐஸ் ஹாக்கிக் குழு தொழில்முறைக் குழு. அதாவது, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. சம்பளம் தருகிறவரின் பெயர்தான் குழுவின் பெயர். முதலில் ரூட்மோல் கம்பள ஆலை தந்தது. குழுவின் பெயர் ரூட்மோல் கம்பளம். ஆலை மூடியபோது குழுவும் திவாலாகிச் செத்தது. வெள்ளிக்கிழமை நீதிமன்றம் அதைப் புதைத்தது. திங்கட்கிழமை அதே ஆட்கள், அதே அரங்கத்தில், அதே மட்டைகளோடு வேறொரு குழுவாகப் பிறந்தார்கள். இப்போது பெயர் டென்ஹாப் சாசேஜ். அந்தக் காலத்தில் வென்ற ஆட்டத்துக்கு ஆளுக்கொரு பெட்டி சாசேஜ் கொடுத்ததில் தடுப்பாட்டக்காரர்கள் பெருத்து, கோலை அடைத்துக்கொண்டு நின்று, தேசிய சாம்பியன் பட்டமே வாங்கிவிட்டார்கள். அடுத்த கோடையில் அதுவும் திவால். மறுபடி வெள்ளி, மறுபடி திங்கள். அடுத்த பெயர் பிரிங்க்வாட் குளியலறை. அதற்குப் பின் ஹெபில்மன் மெத்தை.

இதனால் வந்த சட்டச் சிக்கல்கள் பல. சாம்பியன் கோப்பையை வென்றது செத்துப்போன குழு. உயிரோடிருக்கும் குழுவுக்கு அதில் உரிமையில்லை. ஆகவே கோப்பை, குழு நிர்வாகத் தலைவர் யோஸின் பல் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழுவுக்கு எத்தனை வயது என்று கேட்டால் அரங்கத்தில் சண்டை வரும். முதல் பிறப்பிலிருந்து எண்ணுகிறவர்களும், கடைசிப் பிறப்பிலிருந்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்தாம் ஆண்டு விழாவை இரண்டு தடவை கொண்டாடினார்கள். வெள்ளிவிழாவைக் கொண்டாடவே இல்லை. எதிர்த் தரப்பு கொண்டாடிவிட்டதாக இரு தரப்பும் நினைத்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே மாறாமல் இருந்தது ஒரு வழக்கம். நம் குழு கோல் போட்டால் ஷெஃப் மைக்கை எடுத்து, குழுப் பெயரின் முதல் பாதியை நீட்டி இழுத்து மூன்று முறை கூவுவார். கூட்டம் மூன்று முறையும் பின்பாதியைச் சொல்லி முடிக்கும். அவர் “ரூட்மோல்” என்றால் “கம்பளம்”. “டென்ஹாப்” என்றால் “சாசேஜ்”. இரண்டாயிரம் பேர் ஓரிடத்தில் கூடி, கண்ணில் நீர் மல்க, “குளியலறை” என்று மூன்று முறை கத்தியது உலகில் வேறெங்காவது நடந்திருக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

சொல்லோடு ஒரு சைகையும் உண்டு. குளியலறைக் காலத்தில் எல்லோரும் கையை உயர்த்தி, மேலே தொங்கும் சங்கிலியை இழுப்பது போல இழுப்பார்கள். மெத்தைக் காலத்தில் இரு கைகளையும் கூப்பிக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்ப்பார்கள். பழக்கம் லேசில் போவதில்லை. கடைசி வரிசைக் கிழவர்கள் மெத்தையின் பதினொரு வருடத்திலும் சங்கிலியைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால், கோல் விழுந்ததும் பாதிப்பேர் தூங்குகிறார்கள், பாதிப்பேர் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சென்ற வசந்தத்தில் நடந்ததுதான் பெரிய குழப்பம். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் திவாலாவார்கள், இல்லை சலித்துப்போய் விலகுவார்கள். ஹெபில்மன் மெத்தை அப்படிச் செய்யவில்லை. முதலாளியின் மகன் ஓவர்மேர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஓவர்மேரில் புதுக் கிடங்கு கட்டி, தன் பெயரையும் அங்கேயே எடுத்துப்போய்விட்டான். ஓவர்மேர் என்பது கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அங்கிருந்து நல்லது எதுவும் வந்ததில்லை என்பது லீர்டொங்கின் கருத்து. அந்த ஊர்க் குழுவின் பெயர் இப்போது ஹெபில்மன் மெத்தை. அவர்களுடைய சட்டை நீலமும் வெள்ளையும், நெஞ்சில் தூங்கும் நிலா. போன வருடம் வரை அது லீர்டொங்கின் சட்டை.

சட்டைக்குள் இருந்த ஆளும் போனான். குழுத் தலைவனாக ஆடிய ஜோர்டிக்கு மெத்தைக் கிடங்கில் வேலை. கிடங்கு போன இடத்துக்கு அவனும் போக வேண்டியதாயிற்று. வீடு மட்டும் மாற்றவில்லை. ஷெஃபின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இன்னமும் இருக்கிறான். காலையில் சைக்கிளில் பாலத்தைக் கடந்து எதிரி ஊருக்குப் போய், மாலையில் திரும்பி வந்து லீர்டொங்க் ரொட்டிக்கடையில் ரொட்டி வாங்குவான். அவனிடம் பேசலாமா கூடாதா என்று தெரு முடிவு செய்யவில்லை. ஷெஃப் தலையசைப்பார், வாய் திறக்கமாட்டார்.

லீர்டொங்குக்குப் புதுப் பெயர் கொடுக்க வந்தவர் டெபீலா அம்மையார். காது கேளாதவர்களுக்குக் கருவி விற்கும் கடைகள் ஒன்பதின் உரிமையாளர். இரண்டு கம்பெனிகள் சேர்ந்தது என்பதால் குழுவின் புதுப் பெயர் கொஞ்சம் நீளம்: ஸ்ராய்னன் டெபீலா செவிக்கருவி நிலையம். சட்டை காவி கலந்த பழுப்பு. நெஞ்சில் ஒரு பெரிய காது. புது முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஷெஃபின் மனைவி ரீட் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “இதை மார்ல வச்சுத் தைச்சா டாக்டர்ங்க குழம்பிடுவாங்க” என்று சொன்னாள். ஐந்தாவது அடுக்கு இன்னும் தைக்கப்படவில்லை. இரண்டு ஊக்கு போட்டுக் குத்தியிருந்தது.

செப்டம்பரில் பயிற்சி ஆட்டம் ஒன்று நடந்தது. லீர்டொங்க் ஒரு கோல் போட்டது. ஷெஃப் மைக்கை எடுத்தார். “ஹெ...” என்றார். உடனே இருமினார். நீண்ட இருமல். இருமி முடித்தபின் புதுப் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். தொண்டையில் மீன் முள் என்று விளக்கமும் தந்தார். முப்பது வருடமாக, தன் ஹேரிங்கில் முள்ளே கிடையாது என்று கூவி விற்ற மனிதர். அதைச் சந்தை மறுநாளே சுட்டிக்காட்டியது. அன்றிலிருந்து லீர்டொங்கில் யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவர், “என்ன, மெத்தையா?” என்று கேட்பது வழக்கமாயிற்று.

அந்த இருமல் டெபீலா அம்மையாரின் காதிலும் விழுந்தது. காது அவருடைய துறை. ஓவர்மேர் ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, யோஸ் மீன் வண்டிக்கே நேரில் வந்தார். யோஸ் பல் மருத்துவர் என்பதால் கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் “கொஞ்சம்தான், வலிக்காது” என்ற முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்தோடு விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மையார் வருகிறார். ஒரே ஒருமுறை தவறான பெயர் வந்தாலும் மைக் ஷெஃபிடம் இருக்காது. பதிலுக்கு ஒலிப்பதிவு தயாராக இருக்கிறது. அம்மையாரின் கடைக்குத் தொலைபேசினால், தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள் என்று சொல்லும் பெண்குரல் உண்டல்லவா, அதே குரல். கோல் விழுந்தால் பொத்தானை அமுக்கினால் போதும்.

“அந்தம்மா கோலுக்குக் கத்துமா?” என்று கேட்டார் ஷெஃப்.

“கத்தாது. மரியாதையாச் சொல்லும்.”

“மரியாதையா.” ஷெஃப் கத்தியைத் துடைத்தார். “யோஸ், உங்கிட்ட பல்லு பிடுங்க வர்றவன்கூட மரியாதையாக் கத்தமாட்டான்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் அன்று மாலை அவர் வெங்காயம் வாங்க மறந்து வீட்டுக்குப் போனார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. இரவுச் சாப்பாட்டில் ரீட் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஸ்ராய்னன், டெபீலா, ஸ்ராய்னன், டெபீலா. ரீட்டுக்கும் இதில் பங்குண்டு. முப்பது வருடமாக அந்தக் குரல் ஞாயிறுதோறும் இரண்டாயிரம் பேர் தலையில் இறங்கிவிட்டு, காலியாக வீடு திரும்புகிறது. மைக் போனால் அத்தனையும் அந்தச் சிறிய சமையலறையில், அவள் ஒருத்தி தலையில் இறங்கும்.

இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை சந்தையில், தபால்காரரின் வாயில் மீன் இருக்கும்போது, முதலில் சொன்ன அந்தப் பிரகடனம் வெளியானது.

ஞாயிறு வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஒரே நீலம். லீர்டொங்க்காரர் எவரும் பதினொரு வருட மஃப்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காது போட்ட மஃப்ளர் வாங்கவில்லை. எதிர் மூலையில் ஓவர்மேர்க்காரர்கள், அவர்களும் நீலம், கையில் தலையணைகளோடு வந்திருந்தார்கள். லீர்டொங்க் மெத்தைக் குழுவாக இருந்த காலமெல்லாம், “தூங்குமூஞ்சிகளே எழுந்திருங்க” என்று பாடியபடி தலையணையை வீசுவது அவர்கள் வழக்கம். பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார்கள். தங்கள் குழு நிலாச் சட்டையில் தளத்தில் இறங்கியதும்தான் யாரைப் பார்த்து வீசுவது என்ற கேள்வி எழுந்தது. சிலர் தலையணை மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். லீர்டொங்க்காரர்களில் பலர் நிலாச் சட்டையைக் கண்டதும் எழுந்து கைதட்டி, பக்கத்தில் இருப்பவர் முறைத்ததும் மஃப்ளரைச் சரிசெய்வது போல உட்கார்ந்தார்கள்.

அறிவிப்பாளர் கூண்டில் ஷெஃப் அதிமதுர மிட்டாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவரிடம் புதிதாக ஒன்று இருந்தது: இடது கையில் தடித்த கம்பளிக் கையுறை. வலது கையில் இல்லை. பெயர் சொல்லும் தருணம் வரும்போதெல்லாம் கையுறையைக் கழற்றுவார், விரல்களை மடக்கி நகம் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார், அறிவிப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார். பக்கத்தில் மணி பார்க்கும் பெண், கையில் சுட்டுக்கொண்டீர்களா என்று கேட்டாள். குளிர் என்றார். குளிர் ஒரு கைக்கு மட்டுமா என்று அவள் கேட்கவில்லை; ஷெஃபிடம் இரண்டாவது கேள்வி கேட்டால் மீனைப் பற்றிச் சொற்பொழிவு ஆரம்பித்துவிடும்.

முதல் கோல் லீர்டொங்குக்கு. கையுறை கழன்றது. “ஸ்ராய்னன் டெபீலா செவிக்கருவி” என்று ஷெஃப் நீட்டி முழக்கினார். ஒரு எழுத்து பிசகவில்லை. கூட்டம் “நிலையம்” என்று முடிக்க வேண்டும். முன்வரிசையில் நாற்பது பேர் முடித்தார்கள். பஸ் நிலையத்தில் இறங்கச் சொன்னது போல இருந்தது. சைகையில் இன்னும் சிக்கல். அம்மையார் ஏற்பாட்டின்படி கையைக் குவித்துக் காதருகே வைக்க வேண்டும். சிலர் வைத்தார்கள். பெரும்பாலோர் தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள். கடைசி வரிசை சங்கிலியை இழுத்தது.

எதிர்க் குழுவின் கோலை எப்படிச் சொல்வது என்பதற்கும் முறை இருக்கிறது. உற்சாகம் கூடாது. வரி அலுவலகத்திலிருந்து வந்த ஓலையைப் படிப்பது போலச் சொல்ல வேண்டும். ஓவர்மேர் சமன் செய்தபோது ஷெஃப் அப்படியே சொன்னார்: “ஹெபில்மன் மெத்தை, ஒன்று.” அந்தப் பெயர் அவர் வாயில் சாம்பலாக விழுந்தது. கேட்டவர்களுக்கு மெய்சிலிர்த்தது. பழசு உண்மையிலேயே போய்விட்டது போலிருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விருந்தினர் கூண்டில் யோஸ் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். டெபீலா அம்மையார் ஹாக்கி பார்ப்பது அதுதான் முதல் தடவை. வட்டு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தன் கடையின் பெயர் எத்தனை முறை ஒலித்தது என்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதி முடிய இரண்டுக்கு இரண்டு. மூன்றாம் பகுதியில் மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு தடவையும் கையுறை கழன்றது, பார்வை விழுந்தது, சரியான பெயர் வந்தது. தளத்தில் ஆடுகிறவர்களுக்கே தெளிவில்லை. லீர்டொங்கின் இளம் தடுப்பாட்டக்காரன் ஒருவன், ஜோர்டி மட்டையைத் தட்டிக் கூப்பிட்டதும் வட்டை நேராக அவனிடமே தள்ளிவிட்டான். சிறுவயதிலிருந்து அந்தத் தட்டலுக்குக் கொடுத்தே பழகியவன். அன்று கோல்கீப்பர் காப்பாற்றினார். ரெஃப்ரி ஒருமுறை கூண்டின் கண்ணாடியைத் தட்டி, நீலம் உள்ளூரா வெளியூரா என்று சைகையில் கேட்டார். “வெளியூர்” என்று ஷெஃப் வாயசைத்தார். அப்போதும் கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கடைசி நிமிடங்கள். தளத்தின் நடுவில் வட்டு ஜோர்டியிடம் வந்தது. அவன் இரண்டு பேரை வெட்டித் தாண்டினான். உடம்பை இடப்பக்கம் சாய்த்துவிட்டு வலப்பக்கம் அடிப்பான். பதினொரு வருடம் லீர்டொங்க் பார்த்துப் பார்த்து, தூக்கத்திலும் கனவு கண்ட அடி. வலை பின்னுக்குப் போய் வந்தது.

அடித்ததும் ஜோர்டி தன் ஊர்க்காரர்களின் மூலைக்குச் சறுக்கிப் போய்க் கண்ணாடியில் நெஞ்சால் மோதினான். கால்கள் அவனைக் கொண்டுபோயின. லீர்டொங்க் மூலை கண்ணாடியை இந்தப் பக்கத்திலிருந்து இரு கையாலும் தட்டியது. ஓட்டுநர் டூன், உள்ளூர்க் கோலுக்கு ஐஸ் வண்டியின் ஹாரனை அடிப்பவர், அடித்துவிட்டார்.

கூண்டில் ஷெஃபின் இடது கை கையுறைக்குள்ளேயே இருந்தது. வலது கை மைக்கை எடுத்தது.

“ஹே...பில்...மன்.”

சாம்பல் இல்லை இந்தத் தடவை. சந்தைக் குரலும் ஞாயிற்றுக்கிழமைக் குரலும் சேர்ந்து, அடிவயிற்றிலிருந்து எழுந்து, கூரைத் தகரத்தில் மோதி இறங்கியது. இரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

“மெத்தை” என்றார்கள்.

“ஹே...பில்...மன்.”

“மெத்தை.”

மூன்றாவது முறை முடிந்தபோது ஏறக்குறைய இரண்டாயிரம் பேரும் தலையைச் சாய்த்து, கைகளைக் கூப்பிக் கன்னத்தில் வைத்திருந்தார்கள். எதிர் மூலையில் ஓவர்மேர்க்காரர்கள் ஒருவரும் கத்தவில்லை. தங்கள் கோலை யாரோ கொண்டாடி முடித்துவிட்டதால் அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பிறகு பலகையில் எண் மாறியது. உள்ளூர் மூன்று, வெளியூர் நான்கு. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கூப்பிய கைகள் பிரிந்து, எங்கே போவதென்று தெரியாமல் பைகளுக்குள் போயின. கடைசி வரிசையில் ஒரு கிழவர் மட்டும் இன்னும் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. யோஸ் விருந்தினர் கூண்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டெபீலா அம்மையார் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு சத்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். நாம்தானே ஜெயித்தோம் என்று கேட்டார்.

“கிட்டத்தட்ட” என்றார் யோஸ். பல்லைப் பிடுங்கிய பின் எல்லோரிடமும் அவர் சொல்லும் அதே தொனியில்.

அம்மையார் மேலும் சொன்னார். எழுபது வயதுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பதினைந்து பேரை இலவசமாக அழைத்து வந்திருந்தாராம். அவர்களில் நான்கு பேர் அந்தக் கடைசிக் குரலைக் கருவி இல்லாமலே கேட்டதாகச் சொன்னார்களாம். வியாபாரத்துக்கு இது நல்லதா கெட்டதா என்று யோசிக்க வேண்டும். ஆனால் இந்த மனிதரை மாற்றக் கூடாது. தொலைபேசிப் பெண் தொலைபேசியிலேயே இருக்கட்டும்.

யோஸ் அறிவிப்பாளர் கூண்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். மணி பார்க்கும் பெண் தன் பையை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

“ஷெஃப், நீ என்ன செஞ்சேன்னு தெரியுமா?”

“கோலை அறிவிச்சேன்.”

“எந்தப் பேரைச் சொன்னே?”

“கோல் போட்டது யாரு? நீலச் சட்டை. நீலச் சட்டையோட பேரு என்ன? நீயே சொல்லு.”

யோஸ் வாயைத் திறந்தார். அவர் நாற்காலியில் படுக்கிறவர்கள் திறப்பது போல, அகலமாக. பிறகு, மைக் ஷெஃபிடமே இருக்கட்டும் என்று அம்மையார் சொன்னதைச் சொல்லி மூடினார்.

“தப்பான பேரு ஒண்ணாவது வந்துச்சா?” ஷெஃப் மிட்டாய்ப் பெட்டியை மூடி, கோட்டுப் பைக்குள் போட்டார். “மண்டை பளிச்சுன்னு இருந்தாத்தான் இதெல்லாம் முடியும்.”

வீட்டுக்குப் போகும் வழியில் ரீட்தான் கார் ஓட்டினாள்.  சந்தையைத் தாண்டியதும் ஷெஃப், மைக் தன்னிடமே இருக்கும் என்றார். சந்தோஷம் என்றாள் ரீட். முழு ஆட்டத்திலும் ஒரு பெயர்கூடப் பிசகவில்லை என்றார். கேட்டேன் என்றாள். ஓவர்மேரில் ஒருவன் இப்படிச் சொல்லிக் காட்டட்டும் பார்க்கலாம் என்றார். அவள் கியரை மாற்றினாள்.

சமையலறையில் பட்டாணி சூப் அடுப்பில் ஏறியது. ஷெஃப் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஊக்கு ஒன்று அவிழ்ந்து காது ஒருபக்கமாகத் தொங்கியது. ரீட் அதை எடுத்து, தைப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, அப்படியே மடித்து வைத்தாள். அவர் இடது கையுறையை உருவி மேசைமேல் போட்டுவிட்டு, கை கழுவுவதற்காகத் தொட்டிக்கு வந்தார். தொட்டிக்கு நேரே ஜன்னல். அந்தத் தெருவில் யாரும் திரை இழுப்பதில்லை. இருட்டிவிட்டால் உள்ளே நிற்பவர்கள் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவார்கள்.

தெருவில் ஒரு சைக்கிள் வந்தது. முதுகில் நீளமான நீலப் பை, மட்டையின் கைப்பிடி வெளியே நீட்டியபடி. ஜோர்டி ஜன்னலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தான். பார்க்கலாமா கூடாதா என்று தயங்குகிறவன் போல ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

ஷெஃப் இடது கையைத் தூக்கி ஆட்டினார். வசந்தத்துக்குப் பிறகு முதல் தடவை. விரல்களை விரித்து, உள்ளங்கையை முழுதாகக் காட்டி.

ஜோர்டி கையைத் தூக்கவில்லை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, எதையோ படிப்பது போலப் பார்த்தான். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. மட்டை பிடிக்கும் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மிதித்துப் போனான்.

“ஷெஃப்,” என்றாள் ரீட். “கை.”

ஷெஃப் திரும்பித் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரீட்டின் உருண்டைக் கையெழுத்து, நீல மை, மூன்று வரி: ஸ்ராய்னன், டெபீலா, செவிக்கருவி. நான்காவது வரிக்கு இடம் போதாமல் ‘நிலையம்’ மணிக்கட்டில் இறங்கியிருந்தது. வியர்வையில் டெபீலா கொஞ்சம் கலைந்திருந்தாள்.

அவர் கையைக் குழாய்க்கு அடியில் நீட்டினார். ரீட் சோப்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.